கருவி குழந்தையிடமே இருக்கும்

"இரவல் காலம் முடிந்த பின்னரும் கருவி தேவை என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவர் எழுத்து மூலம் சான்றளித்தால், அந்த மனுவின் மீது முடிவு தெரிவிக்கப்படும்வரை கருவி நோயாளியிடமே இருக்கும்."

இது விதி. சுற்றறிக்கையின் ஒன்பதாவது பத்தி, மூன்றாவது உட்பிரிவு. மூலம் மலாயில் இருக்கிறது. தமிழில் சொன்னது நான். மலாய் வாசகமும் என்னுடையதுதான் என்றால் தற்பெருமையாகத் தோன்றும், ஆனால் வேறு யாரும் எழுதவில்லை. அப்போதைய இயக்குநர் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விதி வேண்டும் என்றார். வியாழக்கிழமையே பதினான்கு பத்திகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

மருத்துவக் கருவிகளை வீடுகளுக்கு இரவல் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமைக் கிராணி. சக்கர நாற்காலி, சளி உறிஞ்சும் பம்பு, ஆக்ஸிஜன் பெட்டி, மானிட்டர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அட்டை, திருப்பித் தர ஒரு தேதி. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள். இதில் குற்றவாளியைத் தேடினால் நான்தான் அகப்படுவேன்.

என் மகளுக்கு ஒரே குழந்தை. இருபத்தாறாம் வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்த மூன்றாம் நாள் சாமியார் வார்டுக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கைவிட்டு, பஞ்சில் நனைத்த தண்ணீரால் ஞானஸ்நானம் கொடுத்தார். சொட்டுக்கு மேல் தண்ணீர் கூடாது என்று தாதி சொல்லியிருந்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சுருக்கமான சடங்கு அதுதான். குழந்தை இரண்டு மாதம் மூச்சு இயந்திரத்தில் இருந்தாள். உயிரைக் காப்பாற்றிய அதே காற்றும் அதே அழுத்தமும் அவளுடைய நுரையீரலைக் காயப்படுத்தியும் விட்டன. நான்கு மாதம் கழித்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீட்டுக்கு அனுப்பியபோது, 'நாட்பட்ட நுரையீரல் நோய்' என்று தாளில் எழுதியிருந்தது. 'நாட்பட்ட' என்ற சொல் நான்கு மாதக் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை.

மகள் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அவள் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். மருமகன் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிடங்கில் வேலை. விடியுமுன் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அதனால் மகளின் விடுப்பு தீர்ந்ததும் பகல் நேரம் என் பொறுப்பாயிற்று. என் மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. டத்தோ கிராமாட்டில் என் வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஒன்றும் இல்லை, செய்தித்தாளைத் தவிர. தினமும் காலை ஆறரைக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். சரியாக ஆறரைக்கு.

வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு சோதனை செய்தார்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சோதனையை அவர் இப்படி விளக்கினார்:

"அங்கிள், லிஃப்ட் ரிப்பேர்னா நீங்க மாடி ஏறுறீங்க. மூச்சு வாங்குதுல்ல? உங்கள யாரு மூச்சு வாங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"கழுத்துல சொல்லுது. ரத்தக் குழாய் பிரியற எடத்துல, ரெண்டு பக்கமும், அரிசி அளவுக்கு ஒரு சின்ன உறுப்பு இருக்கு. ஆக்ஸிஜன் கொறஞ்சா அது உடனே மூளைக்குச் சொல்லும். மூளை மூச்ச வேகமாக்கும். தூங்கிட்டு இருந்தீங்கன்னா எழுப்பிவிடும். பாப்பாவுக்கு அது சரியா வேல செய்யுதான்னு பாக்கணும்."

குழந்தை தூங்கும்போது ஆக்ஸிஜன் சற்றுக் குறைந்த காற்றைச் சிறிய முகமூடி வழியாகக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். பக்கத்தில் மருத்துவரும் இரண்டு தாதிகளும் நின்றார்கள். கண்ணாடிக்கு இப்பால் நானும் மகளும். திரையில் ஒரு கோடு மூச்சைக் காட்டியது, ஓர் எண் இரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனைக் காட்டியது. எண் இறங்கத் தொடங்கியதும் கோடு நெருக்கமாயிற்று. மூச்சு வேகமாகிறது, சரி, என்று நான் நினைத்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அந்தக் கோடு தளர்ந்தது. எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, மூச்சோ பழையபடி மெதுவாயிற்று. பிறகு பழையதைவிட மெதுவாயிற்று. குழந்தை புரளவில்லை. முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு நிம்மதியாகத் தூங்கும் குழந்தையை நான் பார்த்ததில்லை. மருத்துவர் முகமூடியை எடுத்து ஆக்ஸிஜனை வைத்து, உள்ளங்காலைச் சுண்டினார். அப்போதுதான் அவள் அழுதாள்.

"கொறப்பிரசவக் குழந்தைங்க, அதுலயும் நுரையீரல் கெட்டுப்போன குழந்தைங்க, சில பேரு இப்படித்தான் அங்கிள்," என்றார் மருத்துவர். "மொதல்ல கொஞ்சம் வேகமா விடுவாங்க. அப்புறம் விட்டுக் குடுத்துருவாங்க. எந்திரிக்க மாட்டாங்க. வளர வளரச் சரியாகும். அது வரைக்கும் தூங்கும்போது மெஷின் கால்ல இருக்கணும். அவ எந்திரிக்கலன்னா மெஷின் நம்மள எழுப்பும்."

எனக்கு இது உடனே விளங்கியது. வாழ்நாள் முழுதும் அதையே பார்த்தவன் நான். கீழேயிருந்து அவசரம் என்று ஒரு கடிதம் போகிறது. மேலே அதை வாங்கி, ஒரு நிமிடம் பரபரத்து, பிறகு கோப்பில் வைத்துவிடுகிறார்கள். இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

ஆக்ஸிஜன் பெட்டி, மானிட்டர் இரண்டும் என் பழைய அலுவலகத்திலிருந்துதான் வந்தன. பெட்டி ஓராண்டு இரவல், மானிட்டர் மூன்று மாதம். சாப்பாட்டு டப்பா அளவு. அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு சிவப்பு வெளிச்சம். அதைக் குழந்தையின் பாதத்தில் ஒட்டுத்துணியால் கட்டிவிட வேண்டும். எண் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கத்தும். முதல் மாதத்தில் அது பல தடவை கத்தியது. பெரும்பாலும் குழந்தை காலை உதைத்து வெளிச்சம் நழுவியதால். மூன்று தடவை உண்மையாகவே. அந்த மூன்று தடவையும் அவள் அசையவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், எண், என்ன செய்தேன் என்று எழுதி வைத்தேன். மகள் அதைப் பார்த்து, "அப்பா ஆபீஸ் தொறந்துட்டாரு," என்றாள். அப்போது அவளுக்கு என்னிடம் கேலி பேச மனம் இருந்தது.

இரவல் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே நீட்டிப்பு மனுவை எழுதிவிட்டேன். மருத்துவரின் சான்று இணைப்பாக. நகல் இருவருக்கு. பதிவுத் தபால். ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே முகப்பில் இருக்கும் பெண் என் கீழே ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கேபிள். ஆளைப் பிடித்துக் காரியம் முடிப்பது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கேபிள் வைத்து வந்தவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பியவன் நான். என் பேத்திக்கென்று அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. இதை நேர்மை என்று அப்போது நினைத்தேன்.

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக, இரவல் முடிய ஒரு வாரம் இருக்கையில், கணினி அச்சிட்ட ஒரு கடிதம் வந்தது. குறித்த தேதியில் கருவியைத் திருப்பித் தரவும், தவறினால் பன்னிரண்டாவது பத்தியின்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று. பன்னிரண்டாவது பத்தி எனக்கு மனப்பாடம். தாமதமாகத் திருப்பித் தருபவருக்கு ஓராண்டுக்கு வேறு கருவி எதுவும் இரவல் தரப்பட மாட்டாது. அதுவும் நான் எழுதியதுதான். நன்றாகவே எழுதியிருந்தேன்; எங்கும் ஓர் ஓட்டை இல்லை.

என் கணக்கு இப்படி ஓடியது. என் மனுவுக்குப் பதிவு எண் வரவில்லை. எண் இல்லாத மனு, மனு அல்ல. ஆகவே ஒன்பதாவது பத்தி இன்னும் என்னைக் காப்பாற்றாது. கருவியை வைத்துக்கொண்டால் பன்னிரண்டாவது பத்தி பாயும். குழந்தைக்கு ஓராண்டு எதுவும் கிடைக்காது, ஆக்ஸிஜன் பெட்டி உட்பட. தேதியில் கொடுத்துவிட்டால் பதிவு சுத்தமாக இருக்கும். மனு முடிவாகி இரண்டொரு நாளில் வேறு கருவி வரும். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. யாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்?

அன்று மகள் விடுமுறையில் இருந்தாள். குழந்தையோடு அறையில் படுத்திருந்தாள். நான் மானிட்டரைத் துடைத்து, கம்பியைச் சுற்றி, வந்த பெட்டியிலேயே வைத்து, எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முகப்புப் பெண் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"சார்! என்ன சார், இந்த வெயில்ல நீங்களே தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"இன்னிக்குத்தான் தேதி."

"தேதி கெடக்குது லா சார். பாப்பாவுக்கு இன்னும் ஆக்ஸிஜன் ஓடுதா இல்லயா?"

"ஓடுது. நீட்டிப்புக்கு மனு குடுத்திருக்கேன். இன்னும் நம்பர் வரல."

"நம்பர் எப்படி சார் வரும்? அந்த மேசைக்கு ரெண்டு மாசமா ஆளே இல்ல. நீங்க மெஷின வீட்டுலயே வச்சிருங்க. சிஸ்டம் தானா அந்த மாதிரி சூராட் அச்சடிச்சு அனுப்பும். யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்க."

"பன்னிரண்டாவது பத்தி இருக்கே."

"அத நான் வேலைக்கு வந்ததுலேருந்து ஒருத்தருக்கும் யூஸ் பண்ணுனதில்ல சார். நீங்க மட்டும்தான் யூஸ் பண்ணிருக்கீங்க."

உண்மை. இரண்டு முறை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், ஒரு தடவ உள்ள போயிட்டா எங்கிட்ட இல்ல. கழுவி, செக் பண்ணி, வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குப் போயிரும். யோசிச்சிக்கங்க."

எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். என் பழைய அலுவலகத்தில், என் பழைய முகப்பின் முன்னால், விதியை மீறச் சொல்லி என் பழைய உதவியாளரே எனக்குச் சலுகை காட்டுகிறாள். அதை நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பாரத்தைக் குடு," என்று படிவத்துக்குக் கை நீட்டினேன்.

திருப்பித் தரும் பாரத்தில் காரணம் எழுத மூன்று கட்டங்கள் உண்டு. நோயாளி குணமடைந்தார். நோயாளி இறந்தார். சொந்த விருப்பம். அந்தப் பாரத்தையும் வரைந்தவன் நான். முதலிரண்டும் பொருந்தாததால் மூன்றாவதில் குறி போட்டேன். அவள் ரசீதில் முத்திரை குத்தி நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் மானிட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் எங்கப்பா?"

சொன்னேன். ரசீதைக் காட்டினேன். அவள் ரசீதை வாங்கவில்லை.

"வச்சுக்கச் சொல்லி அந்த அக்கா சொல்லலியா?"

"சொன்னா. ஆனா அது முறை இல்ல. ரெண்டு மூணு நாள்ல வேற வந்துரும்."

"நீங்க ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சுப்பா," என்றாள் மகள். "இப்ப யாருக்கு வேல செய்றீங்க?"

மருமகன் அன்று மாலையே மருந்துக்கடையிலிருந்து விரலில் மாட்டும் கிளிப் ஒன்றை வாங்கிவந்தார். பெரியவர்கள் விரலுக்குச் செய்தது. குழந்தையின் பாதத்தில் வைத்தால் ஒரு நேரம் எண் காட்டும், ஒரு நேரம் வெறும் கோடு. அலாரம் கிடையாது. குழந்தைகளுக்கான கருவியைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைக்கலாம், சில வாரம் ஆகும் என்றார். "எதுக்கு? நாளைக்கே பதில் வந்துரும்," என்று நான் தடுத்தேன். மருத்துவருக்கும் தெரிவிக்கவில்லை. நடவடிக்கையில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி அவரிடம் புலம்புவது முறையாகாது என்று எண்ணிக்கொண்டேன்.

ஆகவே மானிட்டரின் வேலையை நான் செய்தேன். பகல் தூக்கம் அவளுக்கு இரண்டு: காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடத்துக்கு மூச்சை எண்ணுவேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன். நோட்டில் குறிப்பேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. என் வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கறி கொண்டுவந்து கொடுத்தால்கூட வாசலில் நின்று பேசமாட்டேன். "பாத்துக்கங்க சார், நீங்க மூச்சு விட மறந்துறப் போறீங்க," என்று அவர் சொல்லிவிட்டுப் போவார்.

நாலாவது வாரம், ஒரு மதியம். நல்ல மழை. குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், இரண்டு கன்னத்திலும் ஒட்டுத்துணி. எண்ணினேன்: முப்பத்தெட்டு. குறித்தேன். அடுத்த ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று, கட்டிலுக்கு எதிரேயே இருந்த மேசையில், அலுவலகத்துக்கு இரண்டாவது நினைவூட்டல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பத்தியில் மனுவின் தேதி. இரண்டாவதில் முதல் நினைவூட்டலின் தேதி. மூன்றாவது பத்தியில் ஒன்பதாவது விதியை மேற்கோள் காட்டத் தொடங்கினேன். வாசகம் ஓர் இடத்தில் சரியாக வரவில்லை. அடித்து எழுதினேன். மறுபடி அடித்தேன். 'முடிவு தெரிவிக்கப்படும்வரை' என்பதா, 'முடிவு எட்டப்படும்வரை' என்பதா என்று ஒரு சந்தேகம். இடையில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். குழந்தை சுவர்ப்பக்கம் முகம் திருப்பி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மழைக்குக் குளிர்ச்சி, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், இந்தச் சொற்களில்.

எழுந்து போனது, மூச்சை எண்ண வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்பதால்தான். வேறு எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. கன்னத்து ஒட்டுத்துணி வேர்வையில் கழன்று, குழாய் தலையணையில் கிடந்தது. ஆக்ஸிஜன் தலையணைக்குள் சீறிக்கொண்டிருந்தது; மழைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பினேன். உதடுகள் நாவல்பழ நிறம். மார்பு எழுகிறதா என்று பார்த்தேன். எழுந்தது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று.

குழாயை மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி, பலமாக. முதுகைத் தேய்த்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பக்கத்து வீட்டு அம்மாள் பிறகு சொன்னார்; எனக்கு நினைவில்லை. பிறகு அவள் ஒரு பெரிய மூச்சை இழுத்தாள், தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவளைப் போல. அதன் பிறகு இன்னொன்று. அழக்கூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்த அம்மாளின் மகன் காரில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் குழந்தையின் பாதத்தை நான் சுண்டிக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது அது சிவந்து போயிருந்தது.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். "பாப்பா ஓக்கே, அங்கிள். கொஞ்ச நாள் வார்டுல வச்சிருப்போம்." பிறகு, "மானிட்டர் அடிச்சப்ப எண் எத்தன இருந்துச்சு?" என்று கேட்டார்.

மானிட்டர் இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதையும், பத்தி எண்களோடு, சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே அங்கிள்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மகள் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்தாள். குழந்தையைப் பார்த்தாள். மருத்துவர் சொன்னதைக் கேட்டாள். பிறகு தாழ்வாரத்தில் நின்று என் கண்ணெதிரே கைத்தொலைபேசியை எடுத்து, என் பழைய அலுவலகத்துக்கு, முகப்புப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "அக்கா, நான் சாரோட மகள் பேசறேன்," என்று தொடங்கினாள். மூன்று நிமிடம் பேசினாள். மறுநாள் காலை வேறொரு மானிட்டர் வார்டுக்கே வந்து சேர்ந்தது. ஒரு துண்டுத் தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கோப்பு இல்லை, எண் இல்லை.

குழந்தை பதினாறு நாள் வார்டில் இருந்தாள். வீடு திரும்பிய பிறகு இரண்டு வாரம் பகலில் மருமகன் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டார். என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை ஆறரைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மகள் திறந்து, விலகி நின்றாள். பால் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். நான் அந்த மேசையைச் சுவரோரம் தள்ளி, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். கடிதம் எதுவும் எழுதவில்லை.

அந்த மதியங்களில் எனக்கு ஒரு பெண்மணியின் நினைவு அடிக்கடி வந்தது. நான் முகப்பில் இருந்த காலம். வயதான கணவருக்காகச் சளி உறிஞ்சும் பம்பு வாங்கிப் போனவர். சரியாகத் தேதியன்று, துடைத்து, புதுப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். மூன்று கட்டங்களையும் படித்துவிட்டு, "இதுல எதுல போடணும் தம்பி?" என்று கேட்டார். குணமாகிவிட்டாரா என்றேன். இல்லை என்றார். இறந்துவிட்டாரா என்றேன். அதுவும் இல்லை. அப்படியானால் மூன்றாவது என்று விரலால் காட்டினேன். தேதி தவறாமல் கொண்டுவந்ததற்கு அவரைப் பாராட்டவும் செய்தேன். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. பாரத்தில் அதற்கு இடமில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து சில வாரங்களில் அந்தச் சோதனையை மறுபடி வைத்தார்கள். அதே அறை, அதே கண்ணாடி. குழந்தை நன்றாகச் சதைபிடித்திருந்தாள். தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முகமூடியை வைத்தார்கள். எண் இறங்கியது. கோடு நெருக்கமாயிற்று. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்; மகள் திரையைப் பார்த்தாள். ஒரு நிமிடம். போன தடவை இந்த இடத்தில்தான் தளர்ந்தது. கோடு தளரவில்லை. இன்னும் நெருக்கமாயிற்று. குழந்தை தலையை ஒரு பக்கம் திருப்பினாள், மறுபக்கம் திருப்பினாள். கை எழுந்து முகமூடியைத் தட்டியது. கண் திறந்தது. பிறகு அழுதாள், ஆத்திரத்தோடு, யாரோ அவளை ஏமாற்றிவிட்டதைப் போல.

"குட் கேர்ள்!" என்று மருத்துவர் உள்ளே சொன்னது கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

மகள் என் கையைப் பிடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆக்ஸிஜனைச் சிறிது சிறிதாகக் குறைக்கத் தொடங்கினார்கள். மானிட்டர் இன்னும் சில மாதம் இருக்கட்டும் என்றார் மருத்துவர். இந்த மானிட்டருக்குத் திருப்பித் தரும் தேதி ஒன்றும் எழுதப்படவில்லை. அது என்னை இன்றும் உறுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மனு அனுப்பி ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. தவக்காலத்தின் முதல் நாளான அன்று, காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் இட்ட சிலுவையோடு, மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி ஒரு மணி நேரம் தாமதமாக அவள் வீட்டுக்கு வந்தேன். கீழே தபால் பெட்டியில் ஒரு நீள உறை இருந்தது. மனுவில் மகள் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். லிஃப்டில் நின்றபடியே பிரித்தேன்.

தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஒன்பதாவது பத்தி, மூன்றாவது உட்பிரிவின்படி, முடிவு தெரிவிக்கப்படும்வரை கருவி நோயாளியிடமே இருக்கத் தாங்கள் உரிமையுடையவர். எனினும், இரவல் பெற்றவர் சொந்த விருப்பத்தின் பேரில் கருவியை முன்னரே திருப்பித் தந்துவிட்டதாக எங்கள் பதிவேடு காட்டுவதால், மேல் நடவடிக்கை தேவையில்லை. இது கணினியில் தயாரிக்கப்பட்ட கடிதம், கையெழுத்து தேவையில்லை.

வாசகம் பிழையில்லாமல் இருந்தது. என் வாசகம்தான்.

மகள் கதவைத் திறந்தாள். வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். குழந்தை அவள் இடுப்பில். மூக்கில் குழாய் இல்லை. விழித்திருக்கும்போது அரை மணி நேரம் எடுத்துவிடலாம் என்று அந்த வாரம்தான் அனுமதித்திருந்தார்கள். கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கிப் படித்தாள். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது எனக்குத் தெரிந்தது.

"அந்த பாரத்துல எத்தன கட்டம்பா இருக்கு?"

"மூணு."

"நாலாவதா ஒண்ணு போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்," என்றேன்.

குழந்தை கை நீட்டி என் நெற்றியைத் தொட்டாள். விரலில் சாம்பல் ஒட்டிக்கொண்டது. வாய்க்குக் கொண்டுபோகுமுன் மகள் அதைத் துடைத்துவிட்டு, குழந்தையை என்னிடம் கொடுத்தாள். ஒரு நாளும் இல்லாதபடி, "போய்ட்டு வரேன்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்தேன். பிறகு பேனாவை எடுத்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் செய்ததைப் போல, வலது மேல் மூலையில் குறித்தேன்: பெறப்பட்டது, சாம்பல் புதன்.